மழையைக் கணக்கில் எழுதி வைத்தவர்



சித்திரை பிறந்து கோடை உழவு நடக்கிற சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் ஒரு செய்தி வரும். "இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை இயல்பை ஒட்டி இருக்கும்" என்றோ, "இயல்பைவிடக் குறையும்" என்றோ வானிலைத் துறை அறிவிக்கும். கேட்டதும் சிலர் விதைக்கு வழி பார்ப்பார்கள். சிலர் "இவங்க சொல்லி எப்போ பெஞ்சுது?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்யுது. ஆனால் இந்த அறிவிப்பு எப்போது, யாரால், எதற்காகத் தொடங்கியது என்று தெரிந்துகொண்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த இடத்தில் நம்பி மோசம் போகக் கூடாது என்பது நமக்கே புரிந்துவிடும். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கதையின் நாயகர் பெயர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. 1834-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். விக்டோரியா மகாராணி காலத்து ஆள். அவர் படித்தது மழையைப் பற்றி இல்லீங்க, கல்லையும் மண்ணையும் பற்றி.

கல்லைப் படிக்க வந்தவர்

1855-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பிளான்போர்டுக்கு வேலை கிடைத்தது. அவருடைய அண்ணன் வில்லியமும் அதே துறையில் சேர்ந்தார். முதலில் ஒரிசாவில் தால்சேர் நிலக்கரிப் பகுதியில் வேலை. அதற்குப் பிறகு ஹென்றி பிளான்போர்டு வந்த இடம் எது தெரியுமா? நம்ம திருச்சிராப்பள்ளி, அரியலூர்ப் பக்கம்.

அரியலூர்ச் சீமையில் கிணறு வெட்டினாலும் ஓடை அரித்தாலும் கல்லுக்குள்ளே சங்கும் சிப்பியும் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. அந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, எது மூத்தது, எது இளையது என்று பிளான்போர்டு வகைப்படுத்தினார். அந்த அறிக்கை 1862-இல் வெளிவந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம்ம ஊர்ப் பெயர்களையே அந்த அடுக்குகளுக்கு வைத்தார். இன்றைக்கும் புவியியல் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பெயர்களைத்தான் படிக்கிறார்கள்.

வெயிலிலும் காட்டிலும் அலைந்ததில் உடம்பு கெட்டது. 1862-இல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்க்கை திசை திரும்பியது.

ஒரு புயல் கேட்ட கேள்வி

1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவை ஒரு பெரும் புயல் தாக்கியது. காற்று மட்டுமில்லை. கடல் எழும்பி ஹூக்ளி ஆற்றுக்குள் ஏறி வந்தது. கரையோரக் கிராமங்கள் அடையாளம் தெரியாமல் போயின. இறந்தவர்கள் சுமார் 60,000 பேர் என்று சொல்லப்படுகிறது.

அந்தப் புயல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்று ஆராயும் பொறுப்பு பிளான்போர்டுக்கும் கேஸ்ட்ரல் என்ற அதிகாரிக்கும் வந்தது. கடலில் போன கப்பல்களின் குறிப்பேடுகள், கரையில் இருந்தவர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தார்கள். 1866-இல் அறிக்கை வந்தது. வங்காள விரிகுடாவில் பிறக்கிற புயல் ஒரே நொடியில் வந்து விழுவதில்லை, நாள் கணக்கில் நகர்ந்துதான் கரைக்கு வருகிறது என்பது அதில் தெளிவானது. அப்படியென்றால், வழியில் இருக்கிற ஊர்க்காரன் பார்த்ததை உடனே தந்தியில் சொன்னால், கரையில் இருக்கிறவன் பிழைத்துக்கொள்ளலாம் இல்லையா? கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு 1865-லேயே தொடங்கியது. 1867-இல் பிளான்போர்டு வங்காள மாகாணத்தின் வானிலை அதிகாரி ஆனார்.

ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு அளவு

இந்த இடத்தில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேணும். இந்தியாவில் மழையை அளப்பது அதற்கு முன்னாலேயே உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடம் 1792-இல் கட்டியது. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே வானிலைக் குறிப்பு எழுதி வந்தார்கள். மற்ற மாகாணங்களிலும் அங்கங்கே கருவிகள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு மாகாணமும் தனித்தனிக் கடை நடத்தியது. ஒருவர் வைத்திருக்கிற கருவி இன்னொருவர் கருவியோடு ஒத்துப் போகாது. அளக்கிற நேரமும் முறையும் வேறு வேறு.

ஒரு ஊர் மரக்காலும் பக்கத்து ஊர் மரக்காலும் வேறாக இருந்தால் நெல் கணக்கு எப்படி நேராகும்? அதே கதைதான்.

1875-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே வானிலைத் துறை ஏற்பட்டது. அதற்கு முதல் தலைவராகப் பிளான்போர்டை நியமித்தார்கள். கல்கத்தா அலிப்பூரில் தலைமை ஆய்வுக்கூடம் அமைந்தது. அவர் முதலில் செய்த வேலை படியை நேர்படுத்தியதுதான். அங்கங்கே இருந்த கருவிகளை ஒரு நல்ல கருவியோடு ஒத்துப் பார்த்து, எதில் எவ்வளவு கூடுதல், எதில் எவ்வளவு குறைச்சல் என்று குறிக்கச் செய்தார். எப்படி அளக்க வேண்டும், அளந்ததை எப்படி எழுத வேண்டும் என்று வானிலை பார்ப்பவர்களுக்காக ஒரு கைப்புத்தகம் எழுதி 1877-இல் வெளியிட்டார். ஊர் ஊராக வந்த தகவலைத் தந்தியில் வாங்கித் தினசரி வானிலை அறிக்கை போடுவதும் 1878-இல் தொடங்கியது.

இது பெரிய கண்டுபிடிப்பு மாதிரித் தெரியாது. தினமும் ஒரு ஆள் புனலில் விழுந்த தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போடுகிற வேலை. ஆனால் அந்த நோட்டு இல்லாவிட்டால் "இயல்பான மழை" என்ற வார்த்தைக்கே அர்த்தம் கிடையாது. பல வருஷத்துக் கணக்கைக் கூட்டி வகுத்தால்தானே இயல்பு எது என்று தெரியும்?

தாது வருஷத்துப் பஞ்சம்

துறை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். 1876-இல் மழை பொய்த்தது. அது தமிழ்க் கணக்கில் தாது வருஷம். தாது வருஷத்துப் பஞ்சம் என்று தாத்தா பாட்டி காலத்திலிருந்து கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை மாகாணமும் மைசூரும் பம்பாய் மாகாணமும் ஐதராபாத் சமஸ்தானமும் காய்ந்தன. 1877-லும் மழை தாமதித்தது. 1878 வரைக்கும் நீடித்த அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கு மேலான ஜனங்கள் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேணும். நாட்டில் தானியம் அறவே இல்லாமல் போனதால் மட்டும் ஜனங்கள் சாகவில்லை. பஞ்சம் நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் கோதுமை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி குறைத்தார். ஒரு ஆண்பிள்ளைக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்தான். மழை தவறியது இயற்கை. மற்றது மனுஷர் செய்த வினை.

பஞ்சத்துக்குப் பிறகு அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் அறிக்கை 1880-இல் வந்தது. மழை தவறப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி பிளான்போர்டின் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

அந்தச் சமயம் சிலர் சூரியனில் தெரிகிற கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் முடிச்சுப் போட்டார்கள். 11 வருஷத்துக்கு ஒரு முறை புள்ளி குறையும், அப்போது பஞ்சம் வரும் என்றார்கள். சென்னையின் மழைக் கணக்கை வைத்தே ஹன்டர் என்ற அதிகாரி 1877-இல் அப்படி எழுதினார். ஆனால் மழையை முன்னறிவிக்க அந்தக் கணக்கு கைகொடுக்கவில்லை.

பிளான்போர்டு வேறு இடத்தில் தேடினார். காற்றுக்கும் கனம் உண்டு. அந்தக் கனத்தை அளப்பது காற்றழுத்தமானி. பஞ்ச வருஷங்களில் நாட்டின் பல இடங்களில் காற்றழுத்தம் மாதக்கணக்கில் இறங்காமல் கூடுதலாகவே இருந்ததை அவர் பதிவேடுகளில் கண்டார். வெளிநாட்டுக் கணக்குகளையும் வரவழைத்துப் பார்த்தபோது ஆஸ்திரேலியா வரைக்கும் அப்படியே இருந்தது. ஆக, நம்ம ஊரில் மழை பெய்யாததற்குக் காரணம் நம்ம ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பாலும் இருக்கலாம்.

இமயமலை வெண்பனி சொன்ன சேதி

பதிவேடுகளைப் புரட்டியதில் இன்னொரு ஒற்றுமையும் கண்ணில் பட்டது. மேற்கு இமயமலையில் எந்த வருஷம் வெண்பனி அதிகமாக, அதிலும் காலம் தப்பிச் சித்திரை வரைக்கும் விழுகிறதோ, அந்த வருஷம் வடமேற்கு இந்தியாவில் வறண்ட காற்று நீடிக்கிறது, மழை தாமதமாகிறது. இங்கே பனி என்பது நம்ம ஊர் மார்கழிப் பனி இல்லை. மலை மேல் ஆள் உயரத்துக்கும் குவிகிற உறைபனி.

காரணம் என்ன? பருவக்காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வருவதற்கே நிலத்தின் சூடுதான் ஆதாரம். கோடையில் நிலம் காய்ந்து சூடாகும். அதன் மேலுள்ள காற்று லேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் கடலின் ஈரக்காற்று உள்ளே வரும். அடுப்பு எரிந்தால்தானே புகைபோக்கி இழுக்கும்? மலையில் வெண்பனி கிடந்தால் வெயிலை அது திருப்பி அனுப்பிவிடும். மிச்ச வெயிலும் பனியை உருக்குவதிலும் ஈரத்தைக் காய வைப்பதிலும் செலவாகிவிடும். நிலம் சூடாக நாள் பிடிக்கும். குளிர்ந்த வறண்ட காற்று சமவெளிக்கு இறங்கும். அடுப்பு மந்தமானால் இழுவையும் மந்தம்.

1882 முதல் 1885 வரைக்கும் இந்தக் கணக்கை வைத்து அவர் சோதனையாக முன்னறிவிப்புச் செய்து பார்த்தார். 1884-இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். சோதனை ஓரளவு பலித்ததால், 1886-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்து முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியானது. ஒரு நாடு முழுமைக்கும் ஒரு பருவத்தின் மழையை முன்கூட்டிச் சொல்வது உலகத்திலேயே அப்போதுதான் அரசாங்க வேலையாக நிலைபெற்றது. இன்றைக்கு நாம் சித்திரையில் கேட்கிற செய்திக்கு வித்து அதுதான்.

இந்த வேலையில் நம்மவர்களும் இருந்தார்கள். பஞ்சாபைச் சேர்ந்த ருசி ராம் சாஹ்னி 1885-இல் பிளான்போர்டின் கீழ் உதவி அதிகாரியாகச் சேர்ந்தார். பிற்பாடு லாகூரில் கல்லூரி ஆசிரியராகிப் பஞ்சாபி மொழியிலேயே சாதாரண ஜனங்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதற்கும் கீழே, பெயர் தெரியாத எத்தனையோ குமாஸ்தாக்களும் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளும் தாலுகா கச்சேரி ஊழியர்களும் தினமும் மழையை அளந்து எழுதினார்கள். அவர்கள் எழுதாமல் விட்டிருந்தால் பிளான்போர்டுக்குக் கணக்கு ஏது?

பிளான்போர்டு 1889-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1893-இல் காலமானார்.

பலித்ததும் பொய்த்ததும்

அதோடு கதை சுபமாக முடிந்ததா என்றால், இல்லை. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் மழை நன்றாக இருக்கும் என்று அறிவித்தார். அந்த வருஷம் குஜராத்திலும் ராஜபுதனத்திலும் மத்திய இந்தியாவிலும் கொடிய வறட்சி. மறுபடியும் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள்.

1904-இல் பொறுப்புக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித மேதை. ஒரே ஒரு அறிகுறியை நம்பிச் சொல்வது ஒற்றைக் காலில் நிற்பது மாதிரி என்று அவர் கண்டார். இமயமலை வெண்பனியை விட்டுவிடவில்லை. அதோடு தூர தேசத்துக் காற்றழுத்தங்களையும் சேர்த்துக்கொண்டார். பசிபிக் பெருங்கடல் பக்கம் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறையும், அங்கே குறைந்தால் இங்கே கூடும், ஏற்றம் இறைக்கிற மாதிரி என்று 1920-களில் எழுதினார். இன்றைக்கு எல் நினோ என்று செய்தியில் கேட்கிறோமே, அந்தக் கடல் வெப்பமும் இந்த ஊசலாட்டமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. தாது வருஷத்துப் பஞ்சத்தின் கடைசிப் பகுதியில் வந்ததும் ஒரு பலமான எல் நினோதான். அன்றைக்குப் பிளான்போர்டு பதிவேட்டில் கண்ட கூடுதல் அழுத்தத்துக்கு இப்போதுதான் முழு அர்த்தம் தெரிகிறது.

வெண்பனிக் கணக்கும் செத்துப் போகவில்லை. 1976-இல் டக்ளஸ் ஹான் என்பவரும், உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும், செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆசியா ஐரோப்பா வெண்பனிக்கும் நம்ம பருவமழைக்கும் தொடர்பு தெரிவதாக எழுதினார்கள். 1988 முதல் நமது வானிலைத் துறை 16 அறிகுறிகளைச் சேர்த்து முன்னறிவித்தபோது அதில் வெண்பனியும் இடம் பெற்றது. ஆனால் 2002-இல் மழை இயல்பாக இருக்கும் என்று சொன்னார்கள். வந்ததோ இயல்பில் 81 சதவீதம்தான். பிறகு முறையை மாற்றினார்கள். இப்போது கடலையும் காற்றையும் சேர்த்துப் பெரிய கணிப்பொறிகளில் கணக்குப் போடுகிறார்கள். ஆக, 100 வருஷத்துக்கு மேல் ஆகியும் இது திருத்தித் திருத்தி எழுதுகிற கணக்குதான், வேதவாக்கு இல்லை.

நமக்கு இதில் என்ன?

முதல் விஷயம். சித்திரையில் வருகிற அறிவிப்பு ஜூன் முதல் செப்டம்பர் வரைக்குமான மழையைப் பற்றியது. அதுவும் நாடு முழுமைக்கும் சேர்த்த சராசரி. அந்தச் சராசரி 87 சென்டிமீட்டர். அதில் 96 முதல் 104 சதவீதம் வரை பெய்தால் இயல்பு என்கிறார்கள். நாடு முழுக்க இயல்பாகப் பெய்தும் உங்கள் தாலுகா காய்ந்து கிடக்கலாம். அதைக் கேட்டு உங்கள் காட்டில் எந்த நாளில் விதைப்பது என்று முடிவு செய்யக் கூடாது. அதற்கு நாலைந்து நாளுக்கு முன் வருகிற மாவட்ட வானிலைச் செய்தியைத்தான் பார்க்க வேணும்.

இரண்டாவது. தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அதற்குத் தனி முன்னறிவிப்பு உண்டு. அதற்காகத் தென்மேற்கு அறிவிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடலாமா? விட முடியாது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவம் பெய்தால்தான் மேட்டூருக்குத் தண்ணீர். குறுவைக்காரர்களுக்கு அந்தச் சேதி ரொம்ப முக்கியம்.

மூன்றாவதுதான் முக்கியம். பிளான்போர்டு செய்ததில் எந்தக் காலத்திலும் பொய்க்காத பகுதி ஒன்று உண்டு. அது மழையை ஒரே அளவில், விடாமல் எழுதி வைத்தது. முன்னறிவிப்பு தவறினபோதுகூட அந்தப் பதிவேடுதான் தவறு எங்கே என்று காட்டிக் கொடுத்தது.

அதை நாமும் செய்யலாம். பக்கம் நேராக, அடி தட்டையாக இருக்கிற ஒரு டப்பா போதும். வீடோ மரமோ மறைக்காத வெட்டவெளியில், அவற்றின் உயரத்தைப் போல ரெண்டு மடங்காவது தள்ளி, டப்பாவின் வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கிற மாதிரி சாயாமல் நிறுத்துங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டு நின்ற தண்ணீரை அளந்து எழுதுங்கள். பிறகு கொட்டிவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் நின்றிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு நாள் விடாமல் செய்யும்.

அஞ்சு வருஷம் எழுதினால் உங்கள் காட்டின் குணம் ஓரளவு தெரியும். பத்து வருஷம் எழுதினால் எந்த மாதத்தில் எத்தனை நாள் மழை விட்டுப் போகிறது, எந்தப் பட்டத்தில் விதைத்தால் பூக்கிற சமயம் ஈரம் இருக்கும் என்று நீங்களே சொல்லலாம். பயிர் போய் நஷ்ட ஈடு கேட்க வேண்டிய நேரத்தில் அந்த நோட்டை மட்டும் காட்டிப் பணம் வாங்க முடியாது. ஆனால் பேசுவதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

தாது வருஷத்தில் மழை தவறப் போவதைச் சொல்ல ஆள் இல்லை. தவறிய பிறகு தானியம் கொடுக்க அரசாங்கத்துக்கு மனசும் இல்லை. இந்த ரெண்டில் முதல் குறையைத் தீர்க்கத்தான் ஒரு மனுஷர் ஆயுளில் பாதியைச் செலவழித்தார். இரண்டாவது குறையை எந்த மழைமானியாலும் தீர்க்க முடியாது. அது ஊராரும் ஆட்சியும் சேர்ந்து பார்க்க வேண்டிய காரியம். ஆகையால் மழை குறையும் என்ற அறிவிப்பு வந்தால், கேலி பேசிவிட்டுப் போகாமல், விதைக்கு, தீவனத்துக்கு, குடிதண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏரி வாய்க்காலைத் தூர் வாரியாச்சா என்று பாருங்கள். முன்னறிவிப்பால் ஆகிற பிரயோஜனம் அவ்வளவுதான், ஆனால் அது சின்னப் பிரயோஜனம் இல்லை.